காவடிக்குப் பின்னால் ஒரு ஞாயிறு

அன்றைக்கு நான் பகல் முழுவதும் நடந்து தேடிய ஆள், எட்டு மாதமாக என்னோடு ஒரே அறையில் குடியிருந்தவன். பெயர் செந்தில்வேல். அறந்தாங்கிப் பக்கம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் இருவரும் ட்ரெயினிகள். நான் வெல்டிங் லைன், அவன் பெயின்ட் லைன். எனக்கு ஏ ஷிப்ட் என்றால் அவனுக்கு பி. எனக்கு பி என்றால் அவனுக்கு சி. வார லீவு எனக்கு ஞாயிறு, அவனுக்குப் புதன். நான் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறும்போது அவன் கொசுவுக்குப் பயந்து தலையோடு போர்த்திக் கிடப்பான். அவன் திரும்பி வரும்போது நான் அதே மாதிரி கிடப்பேன். அவன் மணிமங்கலத்தில் என் அறைக்கு வந்து சேர்ந்த நாளில் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்த முகம்தான். அதன்பிறகு நான் பார்த்ததெல்லாம் போர்வையை.

ஷிப்ட் ஆட்கள் தங்குகிற எல்லா அறையிலும் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தன் தூங்கினால் இன்னொருத்தன் லைட்டைப் போடக் கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் இதை மீறுகிறவனை மறுமாதமே அறையை விட்டுத் துரத்திவிடுவார்கள். இருட்டிலேயே குளித்து, இருட்டிலேயே சட்டை மாட்டி, சுவரில் இருக்கும் ஒற்றை ஆணியிலிருந்து ஐடி கார்டைத் தடவி எடுத்துக்கொண்டு போய்விடுவோம்.

அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கார்டின் கயிற்றைத் துவைக்கலாம் என்று எடுத்தேன். வாரம் முழுக்க வேர்வை ஊறிய கயிறு, நாற்றம் குடலைப் பிடுங்கும். திருப்பிப் பார்த்தால் போட்டோவில் நான் இல்லை. மழமழவென்று ஷேவ் செய்த ஒரு பையன், பயந்த கண்ணோடு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே செந்தில்வேல் என்று எழுதியிருந்தது.

வீட்டுக்கார அக்காவிடம் ஓடினேன். அவர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, உனுக்குத் தெரியாதா? விடிகாலம் மூணு மணிக்கே திருத்தணிக்குக் காவடி எட்துக்கினு பூட்டாங்களே. நம்ப துலுக்காணம் கூட்டத்தோட. அந்தப் புள்ளயும் லீவு போட்டுக்கினு போயிகீது. ஒரு மண்டலமா விரதம் இருந்துச்சே, நீ ஒரே ரூம்ல இருந்துகினு பாக்கல?"

"கார்டு எதுக்குக்கா எடுத்துட்டுப் போனான்?"

"பர்மனென்ட் ஆவணும்னு வேண்டிக்கினுகீறான். கார்ட முருகன் பாதத்துல வெச்சு எட்துக்கினு வரணுமாம்."

ஆக, அவன் பர்மனென்ட் ஆவதற்காக என் கார்டு திருத்தணிக்குப் போய்க்கொண்டிருந்தது. சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திங்கள் காலை ஆறு மணிக்கு எனக்கு ஏ ஷிப்ட். கார்டு இல்லாமல் கேட்டுக்குள் விட மாட்டார்கள். அடுத்தவன் கார்டைக் காட்டி நுழைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புதுக் கார்டு கைக்கு வர நாலு நாள் ஆகும். எனக்கோ ட்ரெயினிங் முடிய ஒரே வாரம் பாக்கி. "கடைசி மாசத்துல ஒரு ஆப்சென்ட் விழுந்தாலும் லிஸ்ட்ல பேரு இருக்காது" என்று சூப்பர்வைசர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். ஒரு வருடம் தீப்பொறியில் வெந்தது எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் அட்டையில் தொங்கியது.

போன் பண்ணலாம் என்றால் செல்போன் அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. பஸ் பிடித்து முன்னால் போய் நிற்கலாமே என்று கேட்டேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

"ரோட்ல போ மாட்டாங்கபா. வெறுங்காலு, தாரு பொசுக்கிடும். ஏரிக்கர, காடுன்னு உள்ளாறயே போவாங்க. எங்க ஒக்காருவாங்கன்னு துலுக்காணத்துக்குத்தான் தெரியும். நீ அவங்க போன வழியிலயே போ. சீக்கிரம் புட்சிடலாம், கெழவங்க கொயந்தைங்க எல்லாம் போவுதுங்க."

ஒரு தண்ணீர் பாட்டில், தலைக்கு ஒரு துண்டு, சட்டைப் பையில் செந்தில்வேலின் கார்டு. கிளம்பிவிட்டேன். சுற்றுலா போகிறவர்கள் சாமான் பட்டியல் எழுதுவார்கள். என் பட்டியல் இவ்வளவுதான்.

காவடிக் கூட்டத்தின் வழியைப் பிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. காவடியில் கட்டிய சாமந்திப் பூ உதிர்ந்துகொண்டே போயிருந்தது. ஊர் தாண்டி ஏரிக்கரையில் ஏறியதும் மஞ்சள் இதழ்கள் பத்தடிக்கு ஒன்றாகக் கிடந்தன. ஏரி என்று பேர்தான். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் இதைக் கண்மாய் என்போம், ஆடியில் அங்கேயும் இதே நிலைமைதான். உள்ளே தண்ணீருக்குப் பதிலாகப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மதகுக்குப் பக்கத்தில் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள்.

ஆடிக் காற்று சும்மா விடவில்லை. கரையில் ஒரு மோர்ப் பந்தல், அதன் கீற்றுக் கூரை பாதி பறந்துவிட்டது. பந்தலில் இருந்த பெரியவர் பானையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நான் கேட்காமலே ஒரு சொம்பு நீட்டினார். கறிவேப்பிலையும் இஞ்சியும் தூக்கலாக இருந்தது. கார்டைக் காட்டி, இந்தப் பையனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

அவர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். "ஆளு எப்டி இருப்பான்? குட்டையா, நெட்டையா?"

அவன் பல் விளக்குகிற பொடியின் வாசனை தெரியும். செருப்பில் இடது வார் அறுந்து ஊக்கு போட்டிருப்பான், அது தெரியும். தூக்கத்தில் ஒருமுறை "ஆத்தா, வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொன்னான், அதுவும் தெரியும். குட்டையா நெட்டையா என்று தெரியவில்லை. படுத்திருக்கிறவனின் உயரத்தை யார் அளந்தது? பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கரை இறங்கியதும் காடு ஆரம்பித்தது. காடு என்றதும் பெரிய மரங்களை நினைக்க வேண்டாம். சூரை முள், காரை, ஈச்சம் புதர், நடுநடுவே காட்டிலாகா நட்ட தைல மரங்கள். கம்பெனி பஸ் ஜன்னலில் ஒரு வருடமாக இதைத் தூரத்தில் பச்சைக் கோடாகப் பார்த்திருக்கிறேன். உள்ளே இப்படி ஒற்றையடிப் பாதை ஓடும் என்று நினைத்ததே இல்லை. வண்டிச் சத்தம் நின்றது. என் செருப்புச் சத்தம் மட்டும் கூடவே வந்தது. லைனில் நின்றால் காதில் பஞ்சு வைத்தாலும் ஓயாத இரைச்சல். அது ஓய்ந்தால் நிம்மதியாக இருக்கும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். ஓய்ந்த பிறகுதான் தெரிந்தது, பேசுவதற்கு என்னிடம் ஒருவரும் இல்லை என்று.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் பூவைக் காணோம். பத்துப் பதினைந்து வெள்ளாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் வாயோரத்தில் சாமந்திக் காம்பு ஒட்டியிருந்தது. அதைத் திட்டி என்ன பிரயோஜனம்? குத்துமதிப்பாக இடது பக்கம் போனேன். முக்கால் மணி நேரம் நடந்து, ஆளுயரச் சுற்றுச்சுவர் முன்னால் போய் முட்டி நின்றேன். உள்ளே கட்டடம் எதுவும் இல்லை. நிலத்தை வளைத்துச் சுவர் மட்டும் கட்டியிருந்தார்கள். பெயர்ப்பலகைக்கு அடியில் தகரக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு செக்யூரிட்டி.

"கூட்டமா? இந்தப் பக்கம் ஈ காக்கா கூட வர்ல," என்றார். செய்யாறு பக்கத்துக்காரராம். பன்னிரண்டு மணி நேர டூட்டி. "ஒக்காருபா, டிபன் பாக்ஸ்ல தயிர் சோறு கீது, துன்னுட்டுப் போ."

வேண்டாம், அவசரம் என்றேன். வழி சொன்னார். இரண்டு எட்டு வைத்ததும் மறுபடி கூப்பிட்டு, முதலில் சொன்ன வழியையே இன்னும் விரிவாகச் சொன்னார். பிறகு எந்த ஊர், என்ன சம்பளம், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். நான் நின்றுகொண்டே பதில் சொன்னேன். "தெனம் இங்க ஒரு நாயி வரும், இன்னிக்கி அதுகூட வர்ல," என்றார் கடைசியில். அவருக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றிருக்கலாம். என் வேலை போய்விடும் என்ற பயத்தில் அதுகூடத் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனிதருக்காக எனக்கு மனசு கஷ்டப்படுகிறது.

அடுத்து ஒரு சின்ன ஊர். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மைக்செட் அலறியது. எங்கள் ஊரில் கம்மங்கூழ். இங்கே கேழ்வரகோடு நொய் போட்டுக் காய்ச்சி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போடுகிறார்கள். முருங்கைக்கீரைப் பொரியலை உள்ளங்கையில் வைத்தார்கள். பசியில் இரண்டு சொம்பு குடித்தேன். ஊற்றிய பெண்ணிடம் கார்டை நீட்டினேன்.

"காலைல பத்து மணிக்குப் போனாங்க. நெறைய பேரு கம்பெனி பசங்க," என்றார். போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீதானே?"

"இல்லக்கா, என் ரூம்மேட்."

"எல்லாம் ஒரே மாரிதாம்பா கீறீங்க. ஒரே சட்ட, ஒரே கயிறு. என் வூட்டுக்காரரும் இப்ப கயிறு மாட்டிக்கினுதான் போறாரு. நெலத்துல நின்னா அர மைலுக்கு அப்பாலேர்ந்து அவரத் தெரியும் எனுக்கு. இப்ப கம்பெனி பஸ்லேர்ந்து எறங்குனா, கிட்ட வந்து கூப்டாத்தான் தெரியுது." சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கூழ் ஊற்றப் போய்விட்டார்.

ஒரகடம் ரோட்டைக் குறுக்கே தாண்டும்போது உச்சி வெயில். ஞாயிறு என்பதால் லாரிகூட இல்லை. மறுபடி தைலமரத் தோப்பு. வரப்பு மாதிரி ஒடுங்கிய பாதை, எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒருவன் வந்தான். மஞ்சள் வேட்டி, மேலே கசங்கிய சட்டை, நெஞ்சு வரை வியர்வை, முகம் நிறைய தாடி. வெறுங்காலோடு அரை ஓட்டமாக வந்தான். ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் ஊருக்குப் பாதிப் பேர் மஞ்சள் வேட்டிதான் கட்டியிருப்பார்கள்.

"தம்பி, காவடிக் கூட்டம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"இந்தா, வல்லத்துல மாமரத்தடியில உக்காந்திருக்காக. வெரசா போனா அர மணி நேரம்." மூச்சு வாங்கியது. என் கையைப் பார்த்து, "அண்ணே, ஒரு வாய் தண்ணி குடுங்க," என்றான். கொடுத்தேன். அண்ணாந்து கடகடவென்று ஊற்றிக்கொண்டான். "ஒரகடத்துல இந்நேரம் பஸ்ஸு கெடைக்குமாண்ணே?"

"ஞாயித்துக்கிழமை. கஷ்டந்தான்."

அவன் முகம் சுருங்கியது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினான். தெற்கத்திப் பேச்சு கேட்டு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். கார்டைக் காட்டுவோமா என்று பைக்குள் கைவிட்டேன். ஓடுகிறவனை எதற்கு நிறுத்துவது, கூட்டம்தான் பக்கத்தில் வந்துவிட்டதே என்று நடையைக் கட்டினேன்.

வல்லம் மாமரத்தடியில் கூட்டம் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தது. முப்பது பேர் இருப்பார்கள். சாப்பிட்ட இலைகளை ஒரு குழியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துலுக்காணம் யார் என்று கேட்டேன். கழுத்து நிறைய உருத்திராட்சம் போட்ட ஐம்பது வயதுக்காரர் வந்தார். பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டராம், குரல் மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும். கார்டை நீட்டினேன்.

"அய்யய்யோ!" என்று தலையில் கை வைத்தார். "நீதானா அது? அவன் திரும்பிப் பூட்டாம்பா! காவடில கட்லாம்னு பையப் பிரிச்சான், பாத்தா வேற மூஞ்சி. அழுவாத கொற. 'இருட்டுல மாத்தி எட்துட்டேன், அந்த அண்ணன் லிஸ்ட்ல கீறாரு, காலைல கேட்ல வுட மாட்டாங்க'ன்னான். நேர்த்திய பாதில வுடக் கூடாதுடா, நாப்பத்தெட்டு நாளு பட்டினி கெடந்தது வீணாப் பூடும்னு சொன்னேன். கேக்கல. எல போட்டு சோறு வெச்சோம், கை கூட வெக்கல. யாராண்டயோ ஒரு சட்டய வாங்கி மாட்டிக்கினு ஓடிட்டான். நீ இந்த வழியாத்தானே வந்த, எதிர்ல பாக்கல?"

பார்த்தேன். தண்ணீர் கொடுத்தேன். பஸ் கிடைப்பது கஷ்டம் என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.

அந்த மாமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டு மாதம் ஒரே கூரை. ஓர் ஆள் அகலப் பாதையில் நேருக்கு நேர் நின்று, அவன் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறான். அவன் பையில் என் முகம், என் பையில் அவன் முகம். அவனுக்குத் தாடி, எனக்குத் தலையில் துண்டு. இருவருக்கும் தெரியவில்லை. இந்த ஊருக்கு வந்து ஒரு வருடத்தில் எனக்காக ஒருத்தன் ஓர் அடி எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. அப்படி ஓடி வந்தவனை நான் ஒதுங்கி வழிவிட்டு அனுப்பியிருக்கிறேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வெயிலுக்குப் போர்த்தியிருக்கிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

துலுக்காணம் பக்கத்தில் வந்து குந்தினார். "சரி வுடு. கார்டு வூட்டுக்குப் போயிடும், உன் வேல எங்கயும் போவாது. இப்ப எங்க கஷ்டத்தக் கேளு. தோள்ல ஏறுன காவடிய திருத்தணி போற வரிக்கும் தரையில வெக்கக் கூடாது. அவன் காவடிய இந்த ஒரு மணி நேரமா ஆளு மாத்தி ஆளு தோள்ல வெச்சிகினு நிக்கறோம். அவனவனுக்கு அவனவன் காவடி கீது. எத்தினி நேரம் தாங்குவாங்க?"

பார்த்தேன். கூட்டத்தில் பெரியம்மா ஒருத்தர் இடது தோளில் ஒரு காவடியும், இன்னொரு காவடியைக் கையிலுமாகத் தள்ளாடிக்கொண்டிருந்தார்.

"நைட்டு சுங்குவார்சத்திரத்துல தங்கறோம். அங்க பஸ்சு நெறய கீது. அதுவரிக்கும் நீ தூக்கிக்கினு வாயேன். அவன் நாளைக்கு வந்து, வுட்ட எடத்துலேர்ந்து நடந்து எங்களப் புட்ச்சிகிட்டா நேர்த்தி நேர்த்திதான். முருகன் இன்னா மேஸ்திரியா, கொற சொல்றதுக்கு?"

எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு. விரதம் இல்லை, முந்தின நாள் இரவு முட்டை புரோட்டா தின்றிருந்தேன். அதைச் சொன்னேன். "வேண்டுதல் அவனுது, தோளு மட்டும் உன்னுது. செருப்ப அவுத்துடு," என்றார்.

காவடி பார்ப்பதற்குத்தான் பூவும் மயில் இறகுமாக லேசாக இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் போனதும் அதன் தண்டு கழுத்துப் பட்டை எலும்பை அறுத்தது. தோளை மாற்றினேன். மண் பாதை முடிந்து புதிதாக ஜல்லி கொட்டிய ரோடு வந்தது, கம்பெனி லாரிகளுக்காகப் போடுகிற ரோடு. பழக்கமில்லாத கால். நாலாவது கிலோமீட்டரில் கொப்புளம், ஆறாவதில் அது உடைந்தது. என் காதருகே துலுக்காணம் "வேல் வேல்" என்று கத்துவார், கூட்டம் "வெற்றி வேல்" என்னும். முதலில் வாயை மூடிக்கொண்டு வந்தேன். வலி தாங்காமல் நானும் கத்த ஆரம்பித்தேன். கத்தினால் கொஞ்சம் வலி குறைகிறது, உண்மையாகவே.

இரண்டு பக்கமும் புது கம்பெனிகளின் சுவர்கள், இடையிடையே யாரும் உழாத வயல்கள். கூட்டத்துக்கு நடுவில்தான் நடந்தேன், ஆனால் எனக்கு அங்கே யாரையும் தெரியாது. எல்லோரும் என்னை "செந்திலு காவடி" என்றே கூப்பிட்டார்கள். "செந்திலு காவடி, முன்னாடி வா." "செந்திலு காவடிக்குத் தண்ணி குடு." நானும் திருத்தவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் சுங்குவார்சத்திரம் வந்தது. டீக்கடைகள், லாட்ஜ் போர்டுகள், பஸ் ஹாரன். ஒரு மண்டபத்தின் உத்தரத்தில் கயிறு கட்டி, காவடிகளைத் தரையில் படாமல் தொங்கவிட்டார்கள். என் தோளிலிருந்து துலுக்காணமே எடுத்து மாட்டினார். அவன் கார்டை வாங்கிக் காவடியில் கட்டவா என்று கேட்டார். வேண்டாம், அவன் கையாலேயே கட்டட்டும் என்றேன். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "வல்லத்து மாமரத்துலேர்ந்து நடக்கணும்னு சொல்லு. மத்தியானம் வரிக்கும் நாங்க மெதுவாத்தான் போவோம்," என்றார்.

இரண்டு பஸ் மாறினேன். உட்கார இடம் கிடைத்தும் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. மணிமங்கலத்தில் இறங்கிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தேன். ஏழரை மணி இருக்கும். அக்கா வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

திறந்தவன் என் தோள் உயரம்தான் இருந்தான். தாடியில் தண்ணீர் சொட்டியது, அப்போதுதான் முகம் கழுவியிருப்பான். இரண்டு பாதத்திலும் பழைய துணி சுற்றியிருந்தான். வாசல் இருட்டில் நின்ற என்னைக் கண்ணை இடுக்கிப் பார்த்து, மரியாதையாகக் கேட்டான்.

"யாருண்ணே வேணும்?"

"நீதான் வேணும்," என்றேன். "உன் காவடியத் தரையில வைக்கலப்பா. வல்லத்துலயிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

அவன் குனிந்து என் காலைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கதவை முழுசாகத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டான்.

"உள்ள வாங்கண்ணே," என்றான், என்னுடைய அறைக்குள் என்னை.